வாட்ச்மேனுக்கு ஐம்பது, எனக்கு எண்பது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. இரண்டு பிளாஸ்டிக் மேசைகள், ஒரு எடைக் கருவி, இடுப்பளவு எடுக்கத் தையல்கடை டேப். படிவம் நிரப்பிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். வயது ஐம்பத்திரண்டு என்றேன், 30 போட்டார். இடுப்பு 96 சென்டிமீட்டர், 10. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, இன்னொரு 10. உடற்பயிற்சி உண்டா என்று கேட்டார். நான் யோசித்த நேரத்தை வைத்தே பதிலைத் தெரிந்துகொண்டு, சிரித்தபடி 30 எழுதினார். மொத்தம் 80. அறுபதைத் தொட்டாலே அதிக ஆபத்து என்று தாளின் அடியில் சிவப்பில் அச்சிட்டிருந்தது.

வரிசையின் கடைசியில் எங்கள் வாட்ச்மேன் நின்றார். குடியிருப்பவர்கள் எல்லாம் முடித்த பிறகு வரலாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னைவிட ஒரு வயது மூத்தவர். வயதுக்கு 30. இடுப்பு 82, மதிப்பெண் இல்லை. நடையும் நிற்பதுமான வேலை, 20. “அப்பா, அம்மாவுக்கு சுகர் இருந்துச்சாங்கய்யா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“பாத்திருந்தாத்தானேம்மா தெரியும்? களத்துல நெல்லு தூத்திக்கிட்டு இருந்தாரு, அப்படியே உக்காந்தாரு. அவ்வளவுதான்.”

‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. சுழியம். மொத்தம் 50. எனக்கு 80, அவருக்கு 50. “பரவால்லய்யா, நீங்க நல்லா இருக்கீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். பன்னிரண்டு மணி நேர இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நின்றிருந்த மனிதர், சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டுக்குப் போனார்.

அந்தத் தாளின் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. சென்னையில் மருத்துவர் வி. மோகனும் அவருடைய ஆராய்ச்சி நிறுவனத்தினரும் 2005-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் அது. ஊசி குத்தாமல், நான்கே கேள்விகளில், தனக்குச் சர்க்கரை இருப்பது தெரியாமல் திரிபவர்களைப் பிடிப்பதற்காகச் செய்தது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. பீடியைப் பற்றி அது கேட்காததும் அதனால்தான். ஆனால் முகாமில் நின்ற யாரும் அதைச் சர்க்கரைத் தாளாகப் பார்க்கவில்லை. ஆயுள் ஜாதகமாகத்தான் பார்த்தோம். மூன்றாவது மாடிக்காரர் தன் 70-ஐயும் என் 80-ஐயும் ஒப்பிட்டு, “உங்களுக்கு முன்னாடி நான் போக மாட்டேன் சார்” என்று தோளில் தட்டினார்.

அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்வோம். எனக்கும் அந்த வாட்ச்மேனுக்கும் நடுவில் யார் முதலில் போவார்? எங்கள் இருவரைப் பற்றி எந்தத் தாளாலும் சொல்ல முடியாது. என்னைப் போல ஆயிரம் பேர், அவரைப் போல ஆயிரம் பேர் என்று கேட்டால் சொல்ல முடியும். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் இருக்கிறது.

இப்படித் தாளில் கேள்வி கேட்டு ஆயுளைக் கணிக்கும் பழக்கம் அமெரிக்காவில் பிறந்தது. லூயிஸ் ராபின்ஸ், ஜாக் ஹால் என்ற இரு மருத்துவர்கள் இண்டியானாபொலிஸ் நகரின் மெத்தடிஸ்ட் மருத்துவமனையிலிருந்து 1970-இல் ஒரு கையேடு வெளியிட்டார்கள். வந்திருக்கும் நோயைப் பார்ப்பதோடு மருத்துவர் நிற்கக் கூடாது, வரப்போவதையும் கணக்கிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. காப்பீட்டுக் கணக்கர்கள் பயன்படுத்துவது போன்ற இறப்பு அட்டவணைகளை எடுத்து, உங்கள் வயதுக்காரர்களில் பத்து ஆண்டில் எத்தனை பேர் எதனால் இறக்கிறார்கள் என்று பார்த்து, உங்கள் புகை, ரத்த அழுத்தம், எடைக்கு ஏற்பப் பெருக்கி, கடைசியில் ஒரு வயதைச் சொன்னார்கள். பிறப்புச் சான்றிதழில் 45, கணக்கில் 53. இன்றைக்கு மாஸ்டர் செக்கப் அறிக்கைகளில் வண்ணமாக அச்சாகி வரும் ‘உங்கள் இதயத்தின் வயது’ இந்தக் குடும்பத்தின் வாரிசுதான்.

அதற்குத் தீனி போட்ட தரவுகளில் முக்கியமானது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு. 5,209 பேர். ‘ஆபத்துக் காரணி’ என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அதுதான். அதில் பெண்களும் இருந்தார்கள். அக்காலத்து மற்றப் பெரிய ஆய்வுகள் பலவற்றில் ஆண்கள் மட்டுமே. ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஏழு நாடுகளில் சேர்த்த 12,763 பேரும் ஆண்கள். பிரிட்டனில் டால், ஹில் என்ற ஆய்வாளர்கள் புகைபிடித்தல் பற்றி 1951-இல் தொடங்கிப் பின்தொடர்ந்தவர்களில் ஆண் மருத்துவர்கள் 34,439 பேர். நெடுநாள் கணக்கு அவர்களை வைத்துத்தான் சொல்லப்படுகிறது. நடுவயதில் மாரடைப்பில் விழுந்தவர்களில் ஆண்கள் அதிகம் என்பது ஒரு காரணம். ஆலையிலும் அலுவலகத்திலும் ஒரே இடத்தில் கிடைத்தார்கள் என்பது இன்னொன்று. பெண்களின் இதயத்தைப் பற்றி மருத்துவம் இவ்வளவு தாமதமாகக் கற்றதற்கு இந்த வசதியும் ஒரு காரணம். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

நான் சொல்ல வந்தது லண்டனின் வைட்ஹால் ஆய்வை. வைட்ஹால் என்பது பிரிட்டிஷ் அரசு அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் தெரு. நம் கோட்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1967 முதல் 1970 வரை அங்கே வேலை பார்த்த, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 19,000 ஆண்களை ஒருமுறை உட்கார வைத்துச் சோதித்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், ரத்தச் சர்க்கரை, உயரம், எடை. சிகரெட் உண்டா? என்ன பதவி? அவ்வளவுதான். பிறகு அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. யார் எப்போது இறந்தார்கள் என்று பதிவேட்டை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்கள். 38 ஆண்டுகள். அதற்குள் 13,501 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

2009-இல் ராபர்ட் கிளார்க் என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளரும் குழுவும் கணக்கைக் கூட்டினார்கள். தொடக்கத்தில் புகையும் இல்லை, அழுத்தமும் இல்லை, கொலஸ்ட்ராலும் இல்லை என்றிருந்தவர்களுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இன்னும் 33 ஆண்டு இருந்தது. மூன்றும் இருந்தவர்களுக்கு சுமார் 24. ஏறக்குறைய பத்து ஆண்டு வித்தியாசம். ஒரே ஒரு காலையில் எடுத்த ரத்த அழுத்தமும், ஒரே ஒரு முறை கேட்ட சிகரெட் கேள்வியும் முப்பத்தெட்டு வருடம் தாண்டியும் பேசுகின்றன. நடுவில் எவ்வளவோ நடந்தது. பிழைத்திருந்தவர்களை முப்பது வருடம் கழித்துத் திரும்பச் சோதித்தபோது, முன்பு புகைத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விட்டிருந்தார்கள். அப்படியும் அந்தக் காலைப் பொழுதின் நிழல் போகவில்லை. இந்த மாதிரி மதிப்பீடுகளை வெறும் காகித வியாபாரம் என்று தள்ளிவிடும் நண்பர்களுக்கு நான் எப்போதும் காட்டும் கணக்கு இது.

ஆனால் அந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு வரி இருக்கிறது. அந்த மூன்றோடு எடை, சர்க்கரை, பதவி ஆகியவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள். மிக மோசமான 5 சதவீதத்தினருக்கு ஐம்பதுக்கு மேல் சுமார் 20 ஆண்டு. மிக நல்ல 5 சதவீதத்தினருக்கு சுமார் 35. வித்தியாசம் பத்திலிருந்து பதினைந்தாகிவிட்டது. மருத்துவர் எடுக்கும் எண்களுக்குப் பக்கத்தில் ஒரு மனிதன் உட்காரும் நாற்காலியும் ஓர் எண்ணாக உட்கார்ந்திருந்தது.

அந்த நாற்காலியின் கதை அதற்கு முன்பே வெளிவந்ததுதான். மைக்கேல் மார்மட், ஜெஃப்ரி ரோஸ் என்ற ஆய்வாளர்கள் சேர்ந்து பத்து ஆண்டு இறப்புகளைப் பதவி வாரியாகப் பிரித்தபோது, அடிமட்டத்தில் இருந்த பியூன்கள், வாயிற்காவலர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்த நிர்வாகிகளைப் போல மூன்று மடங்கு என்று தெரிந்தது. அதுவரை ஊர் உலகமெல்லாம் வேறு மாதிரி நம்பிக்கொண்டிருந்தது. பெரிய பொறுப்பு, பெரிய டென்ஷன், பெரிய மாரடைப்பு என்று. நம் சினிமாவிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிபவர் மில் முதலாளியே தவிர மில் கேட்டில் நிற்பவர் இல்லை. வைட்ஹாலில் அது தலைகீழாக நின்றது. அதுவும் இரண்டு தட்டாக இல்லை, படிக்கட்டாக. இரண்டாம் படியில் இருப்பவருக்கு முதல் படியைவிட அதிகம், மூன்றாம் படியில் இருப்பவருக்கு இரண்டாம் படியைவிட அதிகம்.

உடனே வரும் மறுப்பு எனக்கும் தெரியும். கீழ்நிலைக்காரர்கள் அதிகம் புகைக்கிறார்கள், கண்டதைச் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் என்பது. மார்மட் அதையும் கழித்துப் பார்த்தார். புகை, அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, உயரம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், இடைவெளியில் பாதிக்கும் குறைவாகவே அவற்றால் விளக்க முடிந்தது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர்களுக்குள்ளும் படிக்கட்டு படிக்கட்டாகவே இருந்தது. இவர்கள் யாரும் குடிசைவாசிகள் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எல்லாருக்கும் மாதச் சம்பளம், ஓய்வூதியம், இலவச தேசிய மருத்துவ சேவை. ஒரே கட்டடத்தில் கதவைத் திறந்தவருக்கும் அந்தக் கதவு வழியாக உள்ளே போனவருக்கும் இடையில் இவ்வளவு தூரம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஆபத்து மதிப்பெண் தயாரிப்பவர்கள் பல ஆண்டுகள் நாற்காலியை வெளியே வைத்துவிட்டே கணக்குப் போட்டார்கள். அதன் விளைவு எண்களில் தெரிந்தது. ஃப்ரேமிங்ஹாம் ஆய்விலிருந்து பிறந்த ஆபத்து வாய்ப்பாட்டை பிரிட்டனின் 24 ஊர்களைச் சேர்ந்த ஆண்களின் மேல் 2003-இல் வைத்துப் பார்த்தபோது, பத்து ஆண்டில் மாரடைப்பால் 4.1 சதவீதம் பேர் இறப்பார்கள் என்றது, இறந்தது 2.8 சதவீதம். அதே வாய்ப்பாடு ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதியில் தலைகீழாகத் தவறியது. அங்கே ஆபத்தைக் குறைத்துச் சொன்னது. உடலுழைப்புக்காரர்கள் விஷயத்தில் இன்னும் அதிகமாகக் குறைத்துச் சொன்னது. வசதியானவருக்கு வேண்டாத மாத்திரை, வசதியில்லாதவருக்கு “பரவால்லய்யா”.

ஸ்காட்லாந்துக்காரர்கள் அதற்கு ஒரு வழி செய்தார்கள். டண்டீயில் ஹியூ டன்ஸ்டால்-பெடோவும் சகாக்களும் 2007-இல் அசைன் என்ற மதிப்பெண்ணை உருவாக்கியபோது, நோயாளியின் அஞ்சல் குறியீட்டையும் வாய்ப்பாட்டுக்குள் சேர்த்தார்கள். அந்தப் பகுதி எவ்வளவு பின்தங்கியது என்பது அதிலிருந்து தெரிந்துவிடும். அதே ஆண்டு இங்கிலாந்தில் வந்த க்யூரிஸ்கும் அஞ்சல் குறியீட்டை எடுத்துக்கொண்டது. ஒரே ரத்த அழுத்தம், ஒரே கொலஸ்ட்ரால் உள்ள இருவரில், மோசமான தெருவில் குடியிருப்பவருக்கு மதிப்பெண் ஏறும். சீக்கிரம் சிகிச்சை கிடைக்கும். ஏழ்மையை ஒரு மருத்துவ எண்ணாக எழுதியதை அரசியல் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதை எழுதாமல் விட்டதும் அரசியல்தானே.

நம் ஊருக்கு வருவோம். முப்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் தேசியப் படிவம் ஒன்று உண்டு. வயது, புகையிலை, மது, இடுப்பளவு, வாரத்தில் 150 நிமிடம் உடலுழைப்பு உண்டா, குடும்பத்தில் நோய் உண்டா. மதிப்பெண் 4-ஐத் தாண்டினால் சோதனைக்கு முன்னுரிமை. அந்தப் படிவத்தைப் பக்கம் புரட்டிப் பார்த்தால் பின்னால் வேறொரு பகுதி வரும். எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள், விறகா, வரட்டியா, எரிவாயுவா. செங்கல் சூளை, கண்ணாடித் தொழிற்சாலை போன்ற புகையும் தூசியுமான இடத்தில் வேலையா. குப்பை, வைக்கோல் எரிக்கிறீர்களா. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். ஆனால் அந்தக் கட்டங்களுக்கு மதிப்பெண் கிடையாது. நுரையீரல் நோய்க்காக வட்டமிட்டு விட்டுவிடுவதோடு சரி. இடுப்பில் ஒரு அங்குலம் கூடினால் எண் ஏறலாம்; இருபது வருடம் சூளையில் நின்றால் ஏறாது.

குடும்ப நோய் வரலாறு என்ற கேள்வியையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். தாய் தந்தைக்குச் சர்க்கரை இருந்தது என்று சொல்ல, அவர்களை யாராவது சோதித்திருக்க வேண்டும். என் அம்மா மாம்பலத்தில் மாதாமாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தவர். அதனால் எனக்கு 10. களத்தில் உட்கார்ந்தபடி போனவரின் மகனுக்கு 0. மருத்துவம் எட்டாத குடும்பத்தில் நோயே இல்லை என்று தாள் எடுத்துக்கொள்கிறது. எங்கள் முகாமில் நான் கண்ட ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையில் ஒரு பத்து இப்படி வந்ததுதான். யாரும் ஏமாற்றவில்லை. கேள்வியே அப்படி.

உடல் பருமனும் நாம் நினைக்கும் அளவுக்கு நேர்மையான சாட்சி இல்லை. சென்னையில் 1998 முதல் 2001 வரை வீடு வீடாகப் போய் ஐந்து லட்சம் பேரைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. மருத்துவர் வி. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு குழுவும் செய்தது. 35 முதல் 69 வயதுக்காரர்களின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. ரத்த அழுத்தம் கூடக் கூட இறப்பு கூடியது, எதிர்பார்த்ததுதான். எடை விஷயத்தில்தான் ஆச்சரியம். அதிக எடைக்கும் இதய நோய் இறப்புக்கும் அங்கே பெரிய தொடர்பு தெரியவில்லை. எடை குறைந்தவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். காசநோயிலும் சுவாச நோயிலும். ஒல்லியான மனிதரைப் பார்த்து “நீங்க நல்லா இருக்கீங்க” என்று சொல்லும் முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டிய நகரம் இது. பீடிக்கட்டுக்கும் பதில் அதே ஆய்வாளரிடம் இருந்தது. தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களின் வரலாற்றைக் கேட்டறிந்து 2003-இல் அவர் குழு சொன்னது: இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கமும் காரணம்.

மதிப்பீடு செய்து தாளைக் கையில் கொடுத்தால் ஆட்கள் மாறிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆயிற்று? கோபன்ஹேகன் பகுதியில் 1999-இல் தொடங்கி, 30 முதல் 60 வயது வரையான கிட்டத்தட்ட 60,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை அழைத்துச் சோதனை, மதிப்பெண், ஆலோசனை எல்லாம் கொடுத்தார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் மொத்த இறப்பிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. முன்கூட்டிச் சொல்வது ஒன்று, தடுப்பது வேறு. வானிலை மையம் புயலைச் சொல்லிவிட்டால் கூரை கெட்டியாகிவிடுமா?

அமெரிக்க நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. 2013-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் தன் ஊழியர்கள் இணையத்தில் ஆரோக்கிய மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் மாதம் 100 டாலர் பிடித்தம் என்றது. வேலை, மணவாழ்க்கை, பணநிலை எல்லாம் அதில் கேள்விகளாக இருந்தன. பெண்களிடம் வரும் ஆண்டில் கருத்தரிக்கும் திட்டம் உண்டா என்றும் கேட்டது. பேராசிரியர்கள் கொதித்தெழ, அபராதத்தைக் கைவிட்டார்கள். எனக்கு அதில் உறுத்துவது, வேலையில் என்ன பிரச்சினை என்று கேட்கிற படிவம் அதற்கான பொறுப்பை யார் தலையில் வைக்கிறது என்பதுதான். மேலாளர் தொல்லை என்று நீங்கள் எழுதினால் மேலாளருக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மதிப்பெண் கூடும். மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வார்கள்.

ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் ஒரு கட்டுரையில் இதை நேராகவே கேட்டார். இந்த மனிதனுக்கு ஏன் நோய் வந்தது என்பது ஒரு கேள்வி. இந்தக் கூட்டத்தில் ஏன் இவ்வளவு பேருக்கு நோய் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆபத்து அதிகமானவர்களைத் தேடிப் பிடிக்கலாம். ஆனால் நடுத்தர ஆபத்துக்காரர்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால் இறப்புகளில் பெரும்பகுதி அவர்களிடமிருந்தே வரும். எண்பது வாங்கிய என்னைப் போன்ற சிலரைப் பிடித்தால் மட்டும் கதை முடியாது. இரண்டாம் கேள்விக்குப் பதில் தேட உப்பையும் புகையிலையையும் ஷிப்டையும் சம்பளத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு ஆபத்து மதிப்பெண்கள் உதவும். தனியாளிடம் கொடுக்கும் காகிதமாக இல்லாமல், கூட்டி எடுத்து, யார் கையில் சாவி இருக்கிறதோ அவர் மேசையில் வைக்கும் கணக்காக.

மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஏதாவது நிற்க வேண்டும் என்பதற்கு நம்மிடமே நல்ல உதாரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், காசநோய் உறுதியான அன்றே மூன்று விஷயம் பார்க்கிறார்கள். உடல் எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, மூச்சு திணறுகிறதா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா. ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கிறார்கள். இதற்கு ஆய்வகம் வேண்டாம். தாளைப் போட்ட மறுநாள் ஒரு கட்டிலும் ஊட்ட உணவும் உண்டு. நீண்டகால இறப்பைச் சொல்லும் மதிப்பெண்களுக்குப் பின்னால் அப்படி எந்தக் கட்டில் இருக்கிறது? வாட்ச்மேன் விஷயத்தில் அது எட்டு மணி நேர ஷிப்டும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும்தான். அதை எழுதித் தர எந்த மருத்துவருக்கும் அதிகாரமில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வாசலுக்கு வந்து பார்க்கிறது. பகலில் வாசலுக்கு வருபவருக்கு வீட்டில் கிடைப்பவர் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அதை உணர்ந்துதான் 2024-இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. ஆலைக்குள்ளேயே போய்ச் சோதிக்கும் திட்டம். வைட்ஹாலைத் தமிழ்நாட்டில் திரும்பச் செய்ய இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஏற்கெனவே எடுக்கும் எண்களுக்குப் பக்கத்தில் மூன்றே கட்டங்கள் சேர்த்தால் போதும்: என்ன வேலை, எந்த ஷிப்ட், நிரந்தரமா ஒப்பந்தமா. இறப்புப் பதிவு நம் மாநிலத்தில் நன்றாகவே நடக்கிறது. இரண்டையும் பெயர் வெளித்தெரியாமல் இணைத்துப் பத்து ஆண்டு பார்த்தால், எந்தத் தொழிலில், எந்த ஷிப்டில் ஆண்கள் ஐம்பதுகளில் உதிர்கிறார்கள் என்று நமக்கே தெரியும். இங்கிலாந்தின் அஞ்சல் குறியீட்டையும் பாஸ்டன் பக்கத்து ஊரின் கொலஸ்ட்ராலையும் கடன் வாங்க வேண்டாம்.

ஒரு பயமும் இருக்கிறது. இந்த எண்கள் நிறுவனத்தின் கைக்குப் போனால், ‘ஆபத்து அதிகம்’ என்று எழுதப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளியை அடுத்த மாதம் கூப்பிட மாட்டார்கள். ஆகவே தனியாள் மதிப்பெண் ஆளிடமும் அரசு மருத்துவரிடமும் மட்டும். தொகுத்த கணக்கு தொழிலாளர் துறைக்கு, ஆலைப் பெயரோடு. இந்த வரிசை மாறினால் திட்டமே வேண்டாம் என்பேன்.

மிக மலிவான மதிப்பீடு ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிரிட்டனின் பயோபேங்க் என்ற உடல்நலத் தரவுத் தொகுப்பில் சேர்ந்த ஐந்து லட்சம் பேரின் 655 அளவீடுகளை ஸ்வீடனில் பணிபுரிந்த இரு ஆய்வாளர்கள் 2015-இல் அலசினார்கள். அடுத்த ஐந்து ஆண்டில் இறப்பாரா என்பதை ஆண்களில் மிக நன்றாகச் சொன்ன தனி ஒரு தகவல், ரத்தத்திலிருந்து வந்ததல்ல. ‘உங்கள் உடல்நலம் பொதுவாக எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு அவர்களே சொன்ன பதில்.

போன வாரம் இரவு பத்தரைக்குக் கேட்டைத் திறந்துவிட்டபோது அதையே வாட்ச்மேனிடம் கேட்டேன். முகாம்காரர்கள் அதைக் கேட்கவில்லை. அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். கேட்டைப் பூட்டினார், பெரிய நோட்டில் என் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதினார், பேனாவை மூடினார்.

“தூக்கம்தான் சார் இல்ல. மத்தபடி, அந்தப் பொண்ணு நல்லா இருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கே.”